இயங்குதளத்தை மாற்றலாமா? முடிவெடுப்பதற்கான செய்முறை விளக்கம்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்புகளை 2025 அக்டோபர் 14 அன்று மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. அதன் பிறகு, நல்ல நிலையில் ஓடிக்கொண்டிருக்கும் கணினியை வைத்திருக்கும் பலர், விண்டோஸ் 11-க்குப் போவதா, லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்துக்கு மாறுவதா, இல்லை புதிதாக ஒரு மேக் வாங்கிவிடுவதா என்று குழம்பிப்போயிருக்கிறார்கள். எந்த இயங்குதளம் சிறந்தது என்ற விவாதங்கள் எவ்வளவு வேண்டுமானாலும் படிக்கக் கிடைக்கின்றன. ஆனால் உங்கள் மேசையில் இருக்கும் கணினிக்கும் நீங்கள் அன்றாடம் செய்யும் வேலைக்கும் அவற்றால் விடை சொல்ல முடியாது. பெரும்பாலானவர்களின் முடிவை, மாற்று இல்லாத ஒரே ஒரு மென்பொருளோ, டிரைவர் (கருவியை இயங்குதளத்தோடு இணைக்கும் மென்பொருள்) இல்லாத ஒரே ஒரு கருவியோதான் தீர்மானிக்கிறது. அது எது என்பதை மாறுவதற்கு முன்பே கண்டுபிடித்துவிட வேண்டும். மாறிய பிறகு கண்டுபிடிப்பவர்கள்தாம் வருந்துகிறார்கள். கீழே உள்ள படிகள் அனைத்தும் அதற்காகவே. கணினியின் உள்விவகாரங்கள் தெரியாதவர்களும் இவற்றைப் பின்பற்றலாம்.

படி 1: எதற்காக மாற நினைக்கிறீர்கள் என்பதை எழுதிக்கொள்ளுங்கள்

ஒரே வாக்கியம் போதும். "கணினி மெதுவாக இருக்கிறது" என்பதே அந்த வாக்கியமானால், இயங்குதளத்தில் கை வைப்பதற்கு முன் உள்ளே இருப்பது பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்கா, சுழலும் பாகமே இல்லாத வேகமான சேமிப்பகமான எஸ்எஸ்டியா என்று பாருங்கள். சுழலும் டிஸ்க்கை எஸ்எஸ்டியாக மாற்றினால் கிடைக்கும் வேகத்தை, எந்த இயங்குதள மாற்றமும் தனியாகத் தந்துவிடாது. ரேம் எனப்படும் தற்காலிக நினைவகம் 4 ஜிபி மட்டுமே இருந்து, அதைக் கூட்ட கணினியில் இடமும் இருந்தால், அதையும் சேர்த்துச் செய்துவிடுங்கள். இவ்வளவில் குறை தீர்ந்தால் மாற வேண்டிய தேவையே எழாது.

பாதுகாப்புப் புதுப்பிப்பு நின்றுவிட்டது என்பது காரணமானால், அது அலட்சியப்படுத்தக் கூடாத காரணம். புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகள் அடைக்கப்படாத ஒரு கணினியில் வங்கிக் கணக்கைத் திறப்பது சரியல்ல. நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புப் புதுப்பிப்புத் திட்டத்தில் பதிவு செய்துகொள்ளும் வீட்டுப் பயனர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை அவகாசம் தருவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. முடிவை நிதானமாக எடுப்பதற்கு அந்த அவகாசத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

படி 2: உங்கள் கணினியால் எது முடியும் என்று பாருங்கள்

விண்டோஸில் செட்டிங்ஸ், அதனுள் சிஸ்டம், அதனுள் அபௌட் என்ற பகுதிக்குச் சென்றால் செயலியின் பெயரும் ரேமின் அளவும் தெரியும். இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

விண்டோஸ் 11-க்கு 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பிடம், நம்பகமான மென்பொருளைக் கொண்டு மட்டுமே கணினியைத் தொடங்க விடும் செக்யூர் பூட் வசதி, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு ஆகியவை தேவை. இன்டெல் செயலிகளில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏற்றுக்கொள்ளப்படுகின்றன. மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் பிசி ஹெல்த் செக் என்ற சிறு மென்பொருள், உங்கள் கணினி தகுதியானதா என்பதைச் சொல்லிவிடும். டிபிஎம் இல்லை என்று அது சொன்னால் உடனே கைவிட்டுவிட வேண்டாம். பல கணினிகளில் அந்த வசதி இருந்தும், தொடக்க அமைப்புகளில் (விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் பயாஸ் பகுதியில்) அணைத்து வைக்கப்பட்டிருக்கும். இன்டெல் கணினிகளில் பிடிடி என்றும், ஏஎம்டி கணினிகளில் எஃப்டிபிஎம் என்றும் அதற்குப் பெயர் இருக்கும்.

லினக்ஸின் தேவைகள் குறைவு. தொடக்கநிலையினருக்கு நான் பரிந்துரைக்கும் லினக்ஸ் வகையான லினக்ஸ் மின்ட், 2 ஜிபி ரேமிலேயே ஓடும். ஆயினும் 4 ஜிபி இருந்தால்தான் வசதியாக இருக்கும் என்று அதன் உருவாக்குநர்களே சொல்கிறார்கள். மேக்ஓஎஸ்ஸைப் பொறுத்தவரை, ஆப்பிள் தயாரித்த கணினியில் மட்டுமே அதை நிறுவ உரிமம் அனுமதிக்கிறது. எனவே மேக்குக்கு மாறுவது என்றால் புதிய கணினி வாங்குவது என்றே பொருள். பழைய மேக் ஒன்றை வாங்க நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 2020-இல் ஆப்பிள் தன் சொந்தச் சில்லுகளுக்கு மாறத் தொடங்கிவிட்டது, 2025-இல் வந்த மேக்ஓஎஸ் டாஹோதான் இன்டெல் மேக்குகளுக்கான கடைசிப் பதிப்பு.

படி 3: ஒரு வாரம் உங்கள் வேலையைக் கவனித்துப் பட்டியலிடுங்கள்

எல்லாவற்றிலும் முக்கியமான படி இதுதான். நினைவிலிருந்து எழுதாமல், ஒரு வாரம் கணினியில் என்னென்ன திறக்கிறீர்களோ அவற்றை அவ்வப்போது ஒரு தாளில் குறித்து வாருங்கள். ஆண்டுக்கு ஓரிரு முறை மட்டுமே செய்யும் வேலைகளை, உதாரணமாக வரிக் கணக்கு தாக்கல் செய்வதையோ பழைய ஸ்கேனரைப் பயன்படுத்துவதையோ, தனியாக யோசித்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். மறந்துபோகிறவை அவைதாம்.

பட்டியல் முடிந்ததும், பிரவுசருக்குள் நடக்கும் வேலைகளை முதலில் அடித்துவிடுங்கள். மின்னஞ்சல், வங்கி, காணொலி, வாட்ஸ்அப் வெப் போன்றவை எந்த இயங்குதளத்திலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் நடக்கும். தாளில் பாதிக்கு மேல் இப்படி அடிபட்டுப்போவதைப் பார்த்தால் உங்களுக்கே வியப்பாக இருக்கும்.

மிஞ்சுபவற்றில், எல்லா இயங்குதளங்களிலும் கிடைக்கும் மென்பொருள்கள் பல இருக்கும்: ஃபயர்ஃபாக்ஸ், குரோம், விஎல்சி, லிப்ரேஆஃபிஸ், கிம்ப், தண்டர்பேர்ட் போன்றவை. நான் தரக்கூடிய மிகப் பயனுள்ள அறிவுரை இங்கேதான் வருகிறது. இந்த மாற்று மென்பொருள்களை, இப்போது இருக்கும் விண்டோஸிலேயே நிறுவிச் சில வாரங்கள் வேலை செய்து பாருங்கள். லிப்ரேஆஃபிஸ் உங்கள் கைக்குப் பழகுமா என்பதை அறிய லினக்ஸ் வேண்டியதில்லை. இயங்குதளமும் மென்பொருளும் ஒரே நாளில் மாறினால், எந்தத் தொல்லை எதனால் வந்தது என்று பிரித்தறிய முடியாமல் போய்விடும்.

சோதிக்கும்போது வெற்று ஆவணத்தைத் திறந்து நான்கு வரி தட்டச்சு செய்து பார்ப்பதால் பயனில்லை. உங்களிடம் இருப்பவற்றிலேயே மிகச் சிக்கலான கோப்பை எடுங்கள்: அட்டவணைகளும் அடிக்குறிப்புகளும் நிறைந்த ஒரு வேர்ட் அறிக்கை, மேக்ரோக்கள் (வேலைகளைத் தானாகச் செய்யும் சிறு நிரல்கள்) எழுதப்பட்ட ஒரு எக்செல் கோப்பு. வேர்ட் கோப்பில் கவனிக்க வேண்டியது பக்க எண்ணிக்கை. லினக்ஸில் கலிப்ரி எழுத்துரு இருக்காது. அதே அகலம் கொண்ட கார்லிட்டோ நிறுவப்பட்டிருந்தால் லிப்ரேஆஃபிஸ் அதைப் பயன்படுத்திக்கொள்ளும், வரிகள் பெரும்பாலும் இடம் மாறா. தமிழ் ஆவணத்தில் நிலைமை வேறு. விண்டோஸின் லதா அல்லது நிர்மலா எழுத்துருவில் எழுதிய பத்தி, லினக்ஸில் நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவில் விரியும்போது வரிகள் நீண்டு, பதினோராம் பக்கத்தில் முடிய வேண்டிய அறிக்கை பன்னிரண்டாம் பக்கத்திற்கு நகர்ந்துவிடக்கூடும். உள்ளடக்கம் அப்படியே இருந்தாலும், அச்சுக்குப் போகும் ஆவணங்களைத் தயாரிப்பவருக்கு இது பெரிய வேறுபாடு. எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு முந்தைய பாமினி போன்ற எழுத்துருக்களில் சேமித்த கோப்புகள் உங்களிடம் இருந்தால், அந்த எழுத்துருக் கோப்பையும் உடன் எடுத்துச் செல்லுங்கள். இல்லையெனில் திரையில் தெரிவது பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத்தான் இருக்கும். எக்செல் மேக்ரோக்களில் சில லிப்ரேஆஃபிஸில் ஓடும், பல ஓடா. ஒவ்வொன்றாக இயக்கிப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இப்போது தாளில் மிஞ்சியிருப்பவை, மாற்று எளிதில் கிடைக்காதவை. ஃபோட்டோஷாப், இன்டிசைன் போன்ற அடோபி மென்பொருள்கள் லினக்ஸுக்கு வெளியிடப்படுவதில்லை. விண்டோஸுக்கென்றே எழுதப்பட்ட கணக்கு மென்பொருள், டிஜிட்டல் கையொப்பத்திற்கான யுஎஸ்பி டோக்கன், தயாரிப்பாளர் கைவிட்டுவிட்ட பழைய பிரின்டர் ஆகியவையும் இந்த வகையில் அடிக்கடி வரும். வைன் என்ற மென்பொருள், விண்டோஸ் நிரல்கள் பலவற்றை லினக்ஸில் ஓடவைக்கும். ஆனால் உங்கள் வருமானம் சார்ந்திருக்கும் ஒரு நிரலை வைனை நம்பி ஒப்படைக்கும்படி நான் சொல்லமாட்டேன். விளையாட்டுகளைப் பொறுத்தவரை, 2018-இல் வால்வ் நிறுவனம் வெளியிட்ட புரோட்டான் என்ற மென்பொருளால், அதன் ஸ்டீம் என்ற விளையாட்டுக் கடையில் உள்ள பெரும்பாலான விளையாட்டுகள் லினக்ஸிலும் ஓடுகின்றன. ஏமாற்றுத் தடுப்பு மென்பொருளோடு வரும் சில இணைய விளையாட்டுகள் மட்டும் ஓடுவதில்லை.

மிஞ்சிய ஒவ்வொன்றின் எதிரிலும், "இது இல்லாமல் என்னால் இருக்க முடியுமா?" என்ற கேள்விக்கு ஆம் அல்லது இல்லை என்று எழுதுங்கள். ஓர் "இல்லை" விழுந்தாலும், அதுவே நான் முதலில் குறிப்பிட்ட அந்த ஒன்று.

படி 4: கோப்புகளைக் காப்பெடுங்கள்

இனி வரும் படிகளில் தவறிப்போய் ஒரு பட்டனை அழுத்தினாலே டிஸ்க் முழுவதும் அழிந்துவிடக்கூடும் என்பதால், காப்பெடுக்காமல் மேலே போக வேண்டாம். ஆவணங்கள், படங்கள், டவுன்லோட்ஸ் கோப்புறை, டெஸ்க்டாப்பில் கிடப்பவை, பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்கள் எல்லாவற்றையும் ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கில் எடுத்துவைத்து, அவற்றில் சிலவற்றைத் திறந்து பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். அந்த டிஸ்க் எக்ஸ்ஃபேட் வடிவில் இருந்தால் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் படிக்கவும் எழுதவும் முடியும்.

விண்டோஸ் கணினிகள் பலவற்றில் டிஸ்க்கை மறையாக்கிப் பூட்டும் பிட்லாக்கர் அல்லது டிவைஸ் என்க்ரிப்ஷன், உரிமையாளருக்குத் தெரியாமலேயே இயங்கிக்கொண்டிருக்கும். தொடக்க அமைப்புகளைத் தொட்டவுடன் அது 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கலாம். அந்த எண் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறதா என்று இப்போதே பார்த்துத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அது கிடைக்காமல்போனால் டிஸ்க்கில் உள்ளதை மீட்க வழியே இல்லை.

படி 5: நிறுவாமலேயே ஓட்டிப் பாருங்கள்

லினக்ஸை, ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமல் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றை எடுங்கள்; அதில் உள்ளவை அழிந்துவிடும். லினக்ஸ் மின்டின் அதிகாரபூர்வத் தளத்திலிருந்து நிறுவுவதற்கான முழுப் பிரதியான ஐஎஸ்ஓ கோப்பைப் பதிவிறக்கி, ரூஃபஸ் அல்லது பலீனா எட்சர் என்ற மென்பொருளைக் கொண்டு அதைப் பென் டிரைவில் எழுதுங்கள். பிறகு கணினியை மறுதொடக்கம் செய்து, தயாரிப்பாளரின் சின்னம் தோன்றும் அந்த ஓரிரு நொடிகளில் எஃப்12, எஃப்2, எஸ்கேப், டெலிட் ஆகியவற்றுள் உங்கள் கணினிக்குரிய விசையைத் தொடர்ந்து தட்டினால், எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும் பட்டியல் வரும். பென் டிரைவைத் தேர்ந்தெடுங்கள். டெஸ்க்டாப்பில் "இன்ஸ்டால்" என்றொரு சின்னம் தெரியும். அதை இப்போது தொட வேண்டாம்.

முதலில் வைஃபை இணைகிறதா என்று பாருங்கள். சில பிராட்காம் வைஃபை சில்லுகளுக்கு டிரைவரைத் தனியாக நிறுவ வேண்டியிருக்கும். அதன்பின் ஒலி, மைக், கேமரா, புளூடூத், திரையின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் விசைகள் ஆகியவற்றைச் சோதியுங்கள். மடிக்கணினியானால் மூடியை மூடி, பத்து நிமிடம் கழித்துத் திறந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்கிறதா என்று பாருங்கள். பலர் சோதிக்க மறந்து பின்னால் அவதிப்படுவது இதில்தான். பிரின்டரில் ஒரு பக்கம் அச்சிடுங்கள். தமிழ்99 அல்லது நீங்கள் பழகிய வேறு விசைப்பலகையைச் சேர்த்து, ஒரு பத்தியாவது தட்டச்சு செய்து பாருங்கள். பென் டிரைவிலிருந்து ஓடும்போது எல்லாம் சற்று மெதுவாகவே திறக்கும் என்பதால், வேகத்தை இங்கே எடைபோட வேண்டாம்.

படி 6: முடிவெடுங்கள்

மூன்றாம் படியில் ஓர் "இல்லை"யும் விழாமல், ஐந்தாம் படியில் எல்லாக் கருவிகளும் இயங்கினால், தயங்காமல் லினக்ஸுக்கு மாறலாம். ஒரே ஓர் "இல்லை" இருந்து, அதுவும் எப்போதாவது தேவைப்படும் சிறு நிரலாக இருந்து, ரேம் 8 ஜிபிக்கு மேல் இருந்தால், ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியைப் போல இயங்கவைக்கும் வர்ச்சுவல்பாக்ஸ் என்ற மென்பொருளைக் கொண்டு லினக்ஸுக்குள்ளேயே விண்டோஸை ஓட்டிக்கொள்ளலாம். அந்த விண்டோஸுக்கும் உரிமம் தேவை என்பதை மறக்க வேண்டாம். அன்றாடம் தேவைப்படும் கனமான மென்பொருள்தான் அந்த "இல்லை" என்றால், விண்டோஸிலேயே இருங்கள். கணினி தகுதி பெற்றால் விண்டோஸ் 11-க்குச் செல்லுங்கள், இல்லையெனில் புதிய கணினிக்குத் திட்டமிடுங்கள். வேலைக்கு ஏற்ற கருவியை வைத்துக்கொள்வதில் எந்தக் குறைவும் இல்லை.

ஒரே டிஸ்க்கில் இரண்டு இயங்குதளங்களையும் வைத்துக்கொள்ளும் இரட்டை அமைப்பை, பலர் நடுவழியாகப் பரிந்துரைக்கிறார்கள். தொடக்கநிலையினருக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. 2024 ஆகஸ்டில் வந்த ஒரு விண்டோஸ் புதுப்பிப்புக்குப் பின், இவ்வாறு அமைத்த கணினிகள் சிலவற்றில் லினக்ஸ் தொடங்க மறுத்தது. அந்த நிலையில் தானே சரிசெய்துகொள்ளத் தெரிந்தவருக்கே அது பொருந்தும். இரண்டும் வேண்டுமென்றால் இரண்டு தனித்தனி எஸ்எஸ்டிகளில் வைப்பது நல்லது.

படி 7: மாறுவதற்கு முன் திரும்பும் வழியைத் தயார்செய்யுங்கள்

லினக்ஸை நிறுவும் நாளுக்கு முன்பே, இன்னொரு பென் டிரைவில் விண்டோஸை நிறுவுவதற்கான பிரதியை உருவாக்கிவிடுங்கள். மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூல் விண்டோஸில் மட்டுமே ஓடும் என்பதால், மாறிய பிறகு இந்த வேலை கடினமாகிவிடும். உங்கள் விண்டோஸ் உரிமம் டிஜிட்டல் உரிமமாக இருந்தால் அது கணினியின் மதர்போர்டோடு இணைந்திருக்கும். எனவே பின்னாளில் அதே கணினியில் அதே பதிப்பை மீண்டும் நிறுவினால், இணையத்தில் இணைந்தவுடன் தானாகவே செயல்பாட்டுக்கு வந்துவிடும். செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பகுதியைத் திறந்து அவ்வாறு எழுதியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, அதன் பின்னரே அந்த "இன்ஸ்டால்" சின்னத்தை அழுத்துங்கள். காப்பெடுத்த வெளி டிஸ்க்கை, புதிய இயங்குதளத்தில் உங்கள் பட்டியலிலுள்ள எல்லா வேலைகளையும், ஆண்டுக்கு ஒருமுறை வருவது உட்பட, ஒரு தடவையாவது செய்து முடிக்கும் வரை அழிக்க வேண்டாம்.