சேணத் தையல்: இரண்டு ஊசியால் தோல் பை தைக்கும் முறை

1837-இல் பாரிசில் தியரி எர்மெஸ் தொடங்கிய பட்டறையில் தைத்தது கைப்பை அல்ல. குதிரைக்குப் பூட்டும் வார்களும் கடிவாளங்களும். இன்று அதே எர்மெஸ் நிறுவனம் செய்யும் கெல்லி, பிர்கின் கைப்பைகளின் ஓரத்தில் சற்றே சாய்ந்து ஓடும் தையல் அந்த வார்களில் போட்ட அதே தையல்தான். ஓடும் குதிரையின் வார் பிரிந்தால் ஆளுக்கே ஆபத்து. அதனால் பிரியாத தையல் வேண்டியிருந்தது.

மெஷின் தையலில் மேல்நூலும் அடிநூலும் தோலின் நடுவே ஒன்றையொன்று கொக்கி போட்டு நிற்கும். ஓரிடத்தில் அறுந்தால் பக்கத்துத் தையல்களும் இளகிவிடும். சேணத் தையலில் ஒரே நூலின் இரு முனையிலும் ஊசி. ஒவ்வொரு துளையையும் இரண்டு ஊசியும் எதிரெதிராகக் கடக்கும். ஒரு பக்கம் தேய்ந்து அறுந்தாலும் மறுபக்கம் பிடித்துக்கொள்ளும்.

பழக, மரப்பட்டையில் பதனிட்ட 1.5 மி.மீ. மாட்டுத்தோல் இரண்டு துண்டு போதும். குரோம் உப்பில் பதனிட்ட தோல் மெத்தென்று நழுவும், முதல் முயற்சிக்கு வேண்டாம். 0.6 மி.மீ. லினன் நூல், முனை மழுங்கிய ஊசி இரண்டு, வைர வடிவ முனையுள்ள குத்தூசி, தேன்மெழுகு, தோலைக் கவ்விப் பிடிக்க முழங்கால்களுக்கு இடையே வைக்கும் மரக் கவ்வி. நூல் நீளம் தையலைப் போல நான்கு மடங்கு, அதோடு ஊசிகளுக்கு 30 செ.மீ.: 20 செ.மீ. தையலுக்கு 110 செ.மீ. நூலை மெழுகில் மூன்று நான்கு முறை இழுத்துவிடுங்கள். முனையைக் கத்தியால் சுரண்டி மெலிதாக்கி ஊசிக்காதில் கோத்து, ஊசியால் நூலையே இரண்டு முறை குத்தி, அதை ஊசிக்காதைத் தாண்டி இழுத்தால் முடிச்சு இல்லாமலே நின்றுவிடும்.

துண்டுகளை ஒட்டி, விளிம்பிலிருந்து 3 மி.மீ. தள்ளிக் கோடு போடுங்கள். அங்குலத்துக்கு ஏழெட்டுப் பற்கள் வரும் பிரிக்கிங் அயர்னை (துளைகளின் இடத்தைத் தடம் பதிக்கும் பல் வைத்த இரும்பு) அதன்மேல் வைத்துத் தட்டுங்கள். தடம் விழுந்தால் போதும், ஊடுருவ வேண்டாம். துளையைக் குத்தூசியால் ஒவ்வொன்றாக, தைக்கும் நேரத்தில் மட்டும் திறக்க வேண்டும். தோல் உடனே நூலைச் சுற்றி இறுகிக்கொள்ளும். குத்தூசி தோலுக்கு நேர் செங்குத்தாக நிற்கட்டும். கொஞ்சம் சாய்ந்தாலும் முன்பக்கம் அழகாக இருக்கும், பின்பக்கம் பாம்புபோல வளையும்.

முதல் துளையில் நூலைக் கோத்து இரு பக்கமும் சமமாக்குங்கள். அடுத்த துளையில் இடது ஊசி முதலில். அது வெளியே வரும்போது வலது ஊசியை அதன் பின்னால் சிலுவைபோல வைத்து, இரண்டையும் சேர்த்துப் பிடித்து இழுங்கள். பிறகு வலது ஊசியை அதே துளையில் நுழையுங்கள். நுழையும்போது ஏற்கெனவே உள்ள நூலைச் சற்றுப் பின்னுக்கு இழுத்துப் பிடிப்பது அவசியம். ஊசி நூலைக் குத்திவிட்டால் தையல் பூட்டிக்கொண்டு அசையாது. வலது ஊசி மறுபக்கம் எட்டிப் பார்க்கும்போது இடப்பக்க நூலை அதன்மேல் ஒருமுறை போட்டுவிட்டு, இரு கைகளாலும் ஒரே அளவு இழுங்கள். தோல் பள்ளம் விழாமல் நூல் அதன்மேல் படிந்தால் சரியான இறுக்கம்.

இந்த வரிசையை ஒரு துளையில்கூட மாற்றாதீர்கள். வரிசை தவறிய தையல் சாய்வு மாறி நிற்கும். பத்தடி தள்ளி நின்றாலும் கண்ணை உறுத்தும். தவறியது தெரிந்தால் அங்கேயே பிரித்துப் போடுங்கள். பாதியில் நூல் பஞ்சு பஞ்சாகக் கிளம்பினால் மெழுகு போதவில்லை, அல்லது நூலை மிக நீளமாக எடுத்திருக்கிறீர்கள்.

முடிவில் மூன்று துளை பின்னோக்கித் தைத்து, துளிப் பசை வைத்து, நூலை ஒட்ட அறுத்து, சுத்தியலால் லேசாகத் தட்டுங்கள். விளிம்புக்கு 180, 320, 600 எண் உப்புத்தாள் வரிசையாகத் தேய்த்து, சாயம் பூசி, காய்ந்தபின் சூடான இரும்பால் தேன்மெழுகை உருக்கி ஏற்றி, பருத்தித் துணியால் அழுத்தித் தேயுங்கள். இரண்டு துண்டுக்கு நடுவே உள்ள கோடு மறையும் வரை இதைத் திரும்பச் செய்ய வேண்டும்.