வெளிர் மர மேசைக்கு மஞ்சளடிக்காத பூச்சு: தேர்வு முதல் கடைசிக் கோட் வரை

ரப்பர் மரம், பைன் போன்ற வெளிர் மரங்களுக்கு அழகே அந்த நிறம்தான். ஆனால் கடையில் ‘கிளியர்’ என்று எழுதியிருக்கும் எல்லா டப்பாவும் அதைக் காப்பாற்றாது. அதனால் பூசுவதைவிடத் தேர்ந்தெடுப்பதில்தான் முதலில் கவனம் வேண்டும்.

படி 1: எதை வாங்குவது?

ஆயில் பி.யூ. (எண்ணெய் சேர்ந்த பாலியூரிதேன் பூச்சு) நன்றாக உழைக்கும், தேக்குக்கு அருமையாகப் பொருந்தும். வெளிர் மரத்திலோ பூசிய அன்றே தேன் நிறம் ஏறிவிடும். வருடம் போகப் போக அது இன்னும் கூடும். ஆளிவிதை எண்ணெயும் அப்படியே. என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கர் முதலில் தெளிவாகத் தெரிந்தாலும் நாளடைவில் மஞ்சளடிக்கும்.

நான் சொல்வது வாட்டர் பேஸ்டு பி.யூ. டப்பாவைத் திறந்தால் பால் வெள்ளையாக இருக்கும், பயப்பட வேண்டாம். காய்ந்ததும் நிறமே தெரியாது. நாற்றமும் குறைவு, பிரஷ்ஷைத் தண்ணீரிலேயே கழுவிவிடலாம். பூச்சே தெரியாமல் மரம் மரமாகவே இருக்க வேண்டுமென்றால் மேட் (பளபளப்பில்லாத வகை) வாங்குங்கள். ஒன்று மட்டும்: சூடான பாத்திரத்தை இது அவ்வளவாகத் தாங்காது. சாப்பாட்டு மேசை என்றால் ஹார்டனர் (பூச்சை இறுக வைக்கும் திரவம்) கலக்கும் இரண்டு டப்பா வகையைக் கேளுங்கள்.

படி 2: அடியில் பூசிப் பாருங்கள்

மேசையின் அடிப்பக்கத்தைத் தேய்த்து, பாதியில் மட்டும் பூசி, மறுநாள் பகல் வெளிச்சத்தில் ஒப்பிடுங்கள். டியூப்லைட் வெளிச்சத்தை நம்ப வேண்டாம்.

படி 3: தேய்ப்பு

உப்புத்தாள் 120, 180, 220 என்ற வரிசையில் (எண் கூடக் கூடத் தாள் நைசாகும்), மர ரேகை ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும். அப்புறம் ஈரத்துணியால் ஒருமுறை துடையுங்கள். தண்ணீர் பட்டதும் மரத்தின் நார்கள் எழுந்து சொரசொரப்பாகும். நன்றாகக் காய்ந்த பிறகு 320 தாளால் லேசாகத் தேய்த்து, தூசியைத் துடைத்துவிடுங்கள். பலர் தாண்டிப் போகும் வேலை இது. வழவழப்பு முழுக்க இதில்தான் இருக்கிறது. இரும்புக் கம்பிநார் மட்டும் வேண்டவே வேண்டாம். அதன் துகள் மரத்தில் தங்கினால் ஈரப் பூச்சில் துருப்பிடித்துப் புள்ளி விழும்.

படி 4: பூசுதல்

டப்பாவைக் குலுக்காதீர்கள், குமிழி வரும். அடிவரை மெதுவாகக் கலக்குங்கள். நைலான் பிரஷ்ஷால் மெல்லிசாக ஒரே திசையில் பூசுங்கள். காய ஆரம்பித்த இடத்தில் திரும்பப் பிரஷ் வைத்தால் கோடு விழும். டப்பாவில் போட்டிருக்கும் இடைவெளி முடிந்ததும் 320 தாளால் லேசாகத் தேய்த்து, துடைத்து, அடுத்த கோட். கால்களுக்கு இரண்டு கோட் போதும், மேல்பலகைக்கு மூன்றாவது வேண்டும். மழை நாளில் வேலையைத் தள்ளிப்போடுங்கள்.

படி 5: காயவிடுதல்

தொட்டால் ஒட்டாது என்பதற்காகக் காய்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை. முழுதாக இறுக இரண்டு மூன்று வாரம் ஆகலாம். அதுவரை மேசை விரிப்பு போடாதீர்கள், ஈர டம்ளர் வைக்காதீர்கள்.

இன்னொன்று, பூச்சு மாறாவிட்டாலும் வெயில் பட்டால் மரமே நிறம் மாறும், பைன் சீக்கிரமே மாறும். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சு அதைத் தாமதப்படுத்தும், நிறுத்தாது. ஜன்னலோர மேசை என்றால் மேலிருக்கும் பொருட்களை அவ்வப்போது இடம் மாற்றுங்கள். இல்லையென்றால் அவற்றின் அடியில் மட்டும் பழைய நிறம் திட்டாக நின்றுவிடும்.