கொழும்புக்கு வேலைக்கு வருகிறவர்களுக்கு: வரும் முன்பும் வந்த பிறகும்

சென்னையில் விமானம் ஏறி, கொடுத்த தண்ணீரைக் குடித்து முடிப்பதற்குள் கொழும்பின் விமான நிலையமான கட்டுநாயக்கா வந்துவிடும். ஒன்றேகால் மணி நேரம்தான். கடிகாரத்தை மாற்ற வேண்டாம். 2006இலிருந்து இங்கேயும் நம்ம நேரமே. வெளியே வந்தால் பெயர்ப்பலகைகளில் தமிழ். வெள்ளவத்தையில் போய் இறங்கினால் தோசை வாசனை. எல்லாம் சேர்ந்து, ஏதோ நாகர்கோவிலுக்கு மாற்றலாகி வந்த மாதிரி ஒரு மயக்கத்தைக் கொடுத்துவிடும். முதல் ஆறு மாதத்தில் நான் செய்த தப்பெல்லாம் அந்த மயக்கத்தில் செய்தவைதான். துபாய்க்குப் போகிறவர் பத்துப் பேரிடம் விசாரிப்பார், ஒப்பந்தத்தை நாலு தடவை படிப்பார். கொழும்பு என்றால் நாம் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறோம்.

நான் கணக்குத் துறைக்காரன். 2023 கடைசியில் திருச்சியிலிருந்து வந்தேன். "அங்கே நமக்கு வேலை கிடைக்குமா?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் வாட்ஸ்அப்பில் தனித்தனியாகச் சொன்னதை இங்கே ஒன்றாக எழுதுகிறேன்.

முதலில் வேலை, பிறகு டிக்கெட்

வந்து இறங்கி, ஒரு ரூம் எடுத்துத் தங்கி, நிதானமாக வேலை தேடலாம் என்று நினைக்க வேண்டாம். வெளிநாட்டுக்காரருக்கு வேலை விசா வேண்டுமானால் வேலை கொடுக்கும் நிறுவனம் பின்னால் நிற்க வேண்டும். இந்த வேலைக்கு உள்ளூரில் ஆள் கிடைக்கவில்லை என்று அது காரணம் காட்ட வேண்டும். சம்பந்தப்பட்ட அமைச்சு சிபாரிசு செய்ய வேண்டும். வெளிநாட்டு முதலீட்டைக் கவனிக்கும் அரசு முதலீட்டுச் சபையின் கீழ் வரும் நிறுவனம் என்றால் அந்தச் சபை சிபாரிசு செய்ய வேண்டும். அதற்கப்புறம் நுழைவு விசா. அதில் வந்த பிறகு, பத்தரமுல்லையில் இருக்கும் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தில், அதாவது இமிக்ரேஷன் அலுவலகத்தில், தங்கியிருப்பதற்கான வதிவிட விசா. பொதுவாக ஒரு வருடத்துக்குத் தருவார்கள், வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும்.

அந்த விசா அந்த நிறுவனத்தின் பெயரோடு ஒட்டியது. கம்பெனி மாறினால் மறுபடி முதலிலிருந்து. ஊரில் மேனேஜரோடு முட்டிக்கொண்டால் மறுநாள் வேறு இடத்தில் இன்டர்வியூவுக்குப் போகலாம். இங்கே அப்படித் தாவ முடியாது. விசாக் கட்டணம் யார் கட்டுவது, குடும்பத்தின் விசா யார் பொறுப்பு, இடையில் வேலையை விட்டு நிறுத்தினால் ஊர் திரும்பும் டிக்கெட் யார் செலவு, இந்த மூன்றும் எழுத்தில் இருக்கட்டும். "அதெல்லாம் பார்த்துக்கலாம்" என்பது எழுத்தில் வராது.

எனக்கு முதலில் கிடைத்தவர் ஒரு ஏஜென்ட். பெயர் வேண்டாம். "டூரிஸ்ட் விசாவுல போயிடுங்க சார், அங்க போய் மாத்திக்கலாம்" என்றார். நாற்பதாயிரம் முன்பணமும் வாங்கிக்கொண்டார். சந்தேகம் வந்து நான் போகவில்லை. பணமும் திரும்பி வரவில்லை. சுற்றுலா விசாவில் வந்து வேலை பார்ப்பது சட்டப்படி தப்பு. மாட்டினால் மாட்டுவது நீங்கள், ஏஜென்ட் தாம்பரத்தில் சௌக்கியமாக இருப்பார்.

ஏன் இவ்வளவு கெடுபிடி?

இதைப் புரிந்துகொள்ளாமல் இங்கே இன்டர்வியூவில் உட்காரக் கூடாது. 2022 ஏப்ரலில் இந்த நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயாக இருந்த டொலர் மே மாதத்துக்குள் 360ஐத் தொட்டது. அந்த வருடம் செப்டம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தை ஒட்டிப் போனது. டாக்டர், இன்ஜினியர், ஐடி ஆட்கள், வங்கி ஆட்கள் என்று படித்தவர்கள் பெருவாரியாகக் கிளம்பிப் போனார்கள். 2023 மார்ச்சில் ஐஎம்எஃப் என்ற சர்வதேச நாணய நிதியம் சுமார் 300 கோடி டொலர் உதவிக்கு ஒப்புதல் தந்த பிறகு மூச்சு திரும்பியது.

"அத்தனை பேர் போய்விட்டார்களே, அந்த இடமெல்லாம் காலிதானே" என்று கேட்கத் தோன்றும். எனக்கும் தோன்றியது. காலி இடம் இருக்கிறது, ஆனால் அது உள்ளூர்ச் சம்பளத்துக்கான காலி இடம். இரண்டு மூன்று வருட அனுபவம் உள்ளவருக்கு இங்கே வர ஒரு காரணமும் இல்லை. அந்த வேலைக்கு இங்கேயே பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள், அவர்கள் ஆங்கிலம் நம்மைவிடச் சுத்தம். சீமா என்ற பிரிட்டிஷ் மேலாண்மைக் கணக்கியல் தேர்வு எழுதாத கணக்குக்காரரை கொழும்பில் தேடித்தான் பிடிக்க வேண்டும். இந்தியாவிலிருந்து ஆட்கள் வந்து வேலையை அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயமும் பழையது. பத்து வருடத்துக்கு முன் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே எட்கா என்ற பொருளாதார ஒப்பந்தப் பேச்சு வந்தபோது மருத்துவர் சங்கமும் ஐடி துறையினரும் கடுமையாக எதிர்த்தார்கள். அந்த நினைவு இன்னும் போகவில்லை.

என் கண்ணில் பட்டவரை, எடுபடுவது குறிப்பிட்ட வேலையில் பழுத்த ஆட்கள்: எஸ்ஏபி மாதிரி மென்பொருளை ஒரு கம்பெனியில் நிறுவி ஓடவிட்டவர்கள், ஆலையில் இயந்திரப் பிரிவைத் தனியாக நடத்தியவர்கள், பெரிய ஹோட்டல் சமையலறையில் தலைமை பார்த்தவர்கள். இங்கே கிளை வைத்திருக்கும் இந்திய நிறுவனத்தில் ஊரிலேயே சேர்ந்து மாற்றலாகி வருவது இன்னும் சுலபமான வழி. சும்மா "எம்பிஏ, ஏழு வருட அனுபவம்" என்று டொப்ஜொப்ஸ் என்ற வேலைவாய்ப்புத் தளத்தில் நூறு விண்ணப்பம் போட்டால் நூறும் கிணற்றில் போட்ட கல்தான்.

உரிமம் வேண்டிய தொழில் என்றால் தனிக் கதை. இந்தியாவில் சார்ட்டர்ட் அக்கவுன்டன்ட் ஆனவர் இங்கே ஒரு கம்பெனியின் நிதி மேலாளராக இருக்கலாம். தணிக்கை அறிக்கையில் கையெழுத்துப் போட முடியாது, அது இலங்கைப் பட்டயக் கணக்காளர் நிறுவகத்தின் உறுப்பினருக்கு உரியது. மருத்துவர்கள் இலங்கை மருத்துவ சபையில் பதிய வேண்டும். வக்கீல்கள் இங்கே வரும் எண்ணத்தையே விட்டுவிடலாம்.

மூன்று லட்சம் என்றால் எவ்வளவு?

மயங்கும் அடுத்த இடம் இது. "மாதம் மூன்று லட்சம்" என்று கடிதம் வந்ததும் வீட்டில் எல்லோரும் என்னைப் பார்த்த பார்வையே வேறு. சரி, கணக்குப் போடுவோம். வருமான வரி: 2025 ஏப்ரல் முதல் மாதம் 150,000 ரூபாய் வரை வரி இல்லை. அதற்கு மேல் 6 சதவீதத்தில் தொடங்கி 36 வரை ஏறும். மூன்று லட்சத்துக்கு சுமார் 18,500 போகும். முழுத் தொகையும் அடிப்படைச் சம்பளம் என்று வைத்துக்கொண்டால் ஈபிஎஃப் என்ற ஊழியர் சேமநிதிக்கு 8 சதவீதம், அதாவது 24,000. கையில் 257,500. ஒரு இந்திய ரூபாய்க்கு மூன்றரை இலங்கை ரூபாய் என்று வைத்து வகுத்தால் நம்ம காசில் எழுபத்துமூவாயிரத்துச் சொச்சம். இதில் கொழும்பு வாடகை கொடுக்க வேண்டும்.

ஈபிஎஃப்பில் நிறுவனம் தன் பங்காக 12 சதவீதமும், ஈடிஎஃப் என்ற ஊழியர் நம்பிக்கை நிதிக்குத் தனியாக 3 சதவீதமும் போட வேண்டும். சம்பளச் சீட்டில் உங்கள் உறுப்பினர் எண் இருக்கிறதா என்று முதல் மாதமே பாருங்கள். என் முதல் நிறுவனத்தில் நாலு மாதம் பிடித்தார்கள், கட்டவில்லை. கேட்ட பிறகுதான் கட்டினார்கள். நாட்டைவிட்டு நிரந்தரமாகப் போகும்போது திரும்ப வாங்க வேண்டிய பணம் அது, எண் இல்லாமல் யாரிடம் போய்க் கேட்பது?

பேரம் பேச இடம் இருந்தால் சம்பளத்தை டொலர் மதிப்போடு இணைக்கச் சொல்லுங்கள். 2022இல் ரூபாயில் வாங்கியவர்களின் சம்பளம் இரண்டு மாதத்தில் ஏறக்குறையப் பாதியானது. ஊருக்குப் பணம் அனுப்ப வங்கி வழியே போங்கள். உண்டியலில், அதாவது வங்கியைச் சுற்றிப் போகும் சட்டவிரோத வழியில், அனுப்புகிறேன் என்று சிரித்துக்கொண்டே வருபவரிடம் சிரித்துக்கொண்டே விடைபெறுங்கள்.

வீடு

தமிழர்கள் என்றால் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனை. வெள்ளவத்தையில் எல்லாம் நடந்துபோகும் தூரம்: சந்தை, சைவக் கடை, 1942இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கம், அதன் நூலகம். காலி வீதியில் 100, 101 பஸ்கள் ஓடிக்கொண்டே இருக்கும். கடலோரமாக ரயிலும் உண்டு, கோட்டை வரை. ஆனால் வாடகை கடுமை. கொட்டாஞ்சேனை கொஞ்சம் மலிவு, நெரிசல் அதிகம். தெஹிவளைப் பக்கம் தள்ளிப் போனால் அதே காசுக்கு இன்னொரு அறை கிடைக்கும். அட்வான்ஸ் மூன்று மாதம், ஆறு மாதம் என்று கேட்பார்கள்; வெளிநாட்டுக்காரர் என்றால் ஒரு வருட வாடகையை மொத்தமாகக் கேட்பவர்களும் உண்டு. ஒப்பந்தத்தில் மின்கட்டணம் யார் பெயரில் என்று பாருங்கள், பழைய பாக்கி உங்கள் தலையில் விழக் கூடாது.

கடல் தெரியும் வீடு என்று ஆசைப்பட்டு நான் ரயில் பாதைக்குப் பக்கத்துச் சந்தில் நாலாவது மாடியில் எடுத்தேன். காற்று அள்ளிக்கொண்டு போகும். ஆறு மாதத்தில் இஸ்திரிப் பெட்டியின் திருகாணி, ஜன்னல் கொண்டி, அம்மா கொடுத்துவிட்ட இரும்புத் தோசைக்கல் எல்லாம் சிவந்து நின்றன. இப்போது தோசைக்கல்லுக்கு எண்ணெய் தடவிப் பழைய வீரகேசரி நாளிதழில் சுற்றி வைக்கிறேன். ஊரிலிருந்து கொண்டுவரும் மின்சாதனத்துக்கு ஒரு மாற்றுப் பிளக்கும் வாங்கிக்கொள்ளுங்கள், புது வீடுகளில் சதுர மூன்று முனைப் பிளக்தான்.

தமிழ் தெரியும், ஆனால்

அலுவலகத்தில் ஆங்கிலம், சாப்பாட்டு மேசையில் சிங்களம். தமிழை வைத்து வீட்டுச் சாமான் வாங்கலாம், நண்பர்களைப் பிடிக்கலாம். பதவி உயர்வு வாங்க சிங்களம் கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும். வாரம் பத்துச் சொல் போதும், பிழையாகச் சொன்னாலும் முகம் மலரும்.

நம்ம தமிழும் அப்படியே செல்லாது. ஒருநாள் யாழ்ப்பாணத்துச் சக ஊழியரிடம், "அக்கா, மேனேஜர் என்னைக் கூப்பிட்டு அரை மணி நேரம் பேசினார்" என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. "ஏன் தம்பி, என்ன பிழை விட்டனீங்கள்?" என்று பிளேன்டீ வாங்கிக் கொடுத்துத் தேற்றினார். இங்கே கதைப்பது என்றால்தான் பேசுவது. பேசுவது என்றால் திட்டுவது. மேனேஜர் என்னைப் பாராட்டியிருந்தார்.

இன்னொன்றும் உண்டு. நாலு படம் பார்த்துவிட்டு வந்து யுத்தத்தைப் பற்றி இவர்களுக்கே விளக்கம் சொல்லும் நம்மாட்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களாகச் சொன்னால் கேளுங்கள், நீங்களாகக் கேட்க வேண்டாம். மலையகத்துக்காரரிடம், அதாவது தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து வந்தவர்களின் வழிவந்தவரிடம், "அப்ப நீங்க எங்க ஊர்தானே" என்று தோளில் கை போடுவதும் வேண்டாம். இருநூறு வருடமாக இந்த மண்ணில் இருப்பவர்கள். 1948 குடியுரிமைச் சட்டத்துக்குப் பிறகு நாடற்றவர்களாக நிறுத்தப்பட்டு, பல பத்தாண்டுகள் கழித்தே குடியுரிமையைத் திரும்பப் பெற்றவர்கள். "இந்தியா" என்ற சொல் அவர்களுக்கு நாம் நினைக்கிற மாதிரி ஒலிக்காது.

மற்றதெல்லாம் தானாகப் பழகிவிடும். பிரெட்டுக்குப் பாண், காய்கறிக்கு மரக்கறி, மிளகாய்க்குக் கொச்சிக்காய். சுத்த சைவம் என்றால் தேங்காய்ச் சம்பலில் மாசி போட்டிருக்கிறதா என்று கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்; மாசி என்பது கருவாடு. பௌர்ணமி தோறும் போயா விடுமுறை, அன்று மதுக்கடையும் இறைச்சிக்கடையும் மூடியிருக்கும். ஓட்டோவுக்கு பிக்மி செயலி. அதில் வரும் சிங்கள ஓட்டுநர் உங்களை "ஐயா" என்று கூப்பிட்டால் மிதந்துவிட வேண்டாம். சிங்களத்தில் அதற்கு அண்ணன் என்று அர்த்தம். வயது குறைவாகத் தெரிந்தால் "மல்லி", தம்பி. என்னை வந்த புதிதில் மல்லி என்றார்கள். போன மாதத்திலிருந்து ஐயா.