கொன்வேட்டர் ஸ்லிப்: கழற்ற முதல் கணக்கு

டிராக் பந்தயத்தில் கால் மைல் ஓடி முடிக்கையில் எஞ்சின் நிமிடத்துக்கு 6250 சுற்று, வேகம் மணிக்கு 176 கிலோமீற்றர். எஞ்சின் சுழற்சியை ஒயில் மூலம் ஓட்டோ கியர்பொக்ஸுக்குக் கடத்தும் டோர்க் கொன்வேட்டர் எவ்வளவு ஸ்லிப் ஆகிறது, அதாவது எஞ்சின் சுற்றில் எத்தனை வீதம் கியர்பொக்ஸுக்குப் போகாமல் நழுவுகிறது? பிழை வருவது பெரும்பாலும் டயர் அளவில்தான், அதிலிருந்தே தொடங்குங்கள்.

டயரில் அச்சடித்த அளவை நம்ப வேண்டாம். ஓட்டத்துக்கு விடும் அதே காற்றை அடித்து, ஓட்டுநரை உள்ளே இருத்தி, டயர் நிலத்தில் முட்டும் இடத்தில் சோக்கால் கோடு போட்டு, மூன்று முழுச் சுற்று உருட்டி அளந்து மூன்றால் பிரியுங்கள். 6.21 மீற்றர் வந்தால் சுற்றளவு 2.07. இதைச் சீமெந்துத் தரையில்தான் செய்ய வேண்டும். கல்முனை, களுவாஞ்சிக்குடிப் பக்கத்து மணல் முற்றங்களில் டயர் புதைந்து அளவு பிழைக்கும்.

டிஃபரென்ஷல் (பின் அச்சுப் பல்லிணைப்பு) விகிதம் 4.10, டொப் கியர் 1:1 என்று வைப்போம். கீழே 16.67 என்பது மணிக்குக் கிலோமீற்றரை நிமிடத்துக்கு மீற்றராக மாற்றும் எண்.

176 × 16.67 ÷ 2.07 × 4.10 = ஏறக்குறைய 5810

ஸ்லிப்பே இல்லாவிட்டால் எஞ்சின் சுற்ற வேண்டியது இவ்வளவுதான். ஓவர்டிரைவில் (விகிதம் 1ஐ விடக் குறைந்த கியரில்) முடித்தால் அந்தக் கியர் விகிதத்தாலும் பெருக்க வேண்டும்.

(6250 − 5810) ÷ 6250 × 100 = 7%

டிராக் காருக்கு 5 முதல் 8 வரை பரவாயில்லை. 10ஐத் தாண்டினால் கொன்வேட்டர் அந்த எஞ்சினுக்குத் தளர்வு. டொப் கியரில் ஸ்லிப் ஆகும் அளவு சக்தி அப்படியே ஒயிலில் சூடாகிறது. 300 குதிரைவலுவில் 7% என்றால் 15 கிலோவாட்டுக்கு மேல், ஏழு மின்கேத்தல் ஒன்றாகக் கொதிப்பது போல. சித்திரை வெயிலில் சின்ன ஒயில் கூலர் இதைத் தாங்காது.

இனி ஏமாறும் இடங்கள். ஸ்லிக் டயர் (பூ வெட்டாத பந்தய டயர்) வேகத்தில் விரியும். 3% விரிந்தால் சுற்றளவு 2.13, கணக்குச் சுற்று 5646, ஸ்லிப் 7 அல்ல, 9.7. டயர் வழுக்கினால் எதிர்மாறு: கொன்வேட்டர் செய்யாத குற்றமும் அதன் தலையில் விழும். ஓட்டம் முடிந்ததும் தடத்தில் தரும் வேகச் சீட்டில் இருப்பது கடைசி 20 மீற்றரின் சராசரி. ஆகவே எஞ்சின் சுற்றையும் லொகரில் (ஓட்டத் தரவைப் பதியும் கருவியில்) அந்த 0.4 செக்கனுக்குள்ளேயே எடுங்கள். கோடு தாண்டிய பின் ஏறிய உச்சத்தை எடுத்தால் ஸ்லிப் கூடிக் காட்டும். புறப்படும்போது ஸ்லிப் 100%, அது கோளாறல்ல. (அளக்கும் ஓட்டம் மூடிய தடத்தில் மட்டும். மட்டக்களப்பு–கல்முனை வீதி அதற்கல்ல.)

புரொப்பெலர் சாஃப்டில் (கியர்பொக்ஸிலிருந்து பின் அச்சுக்குப் போகும் தண்டில்) சென்சர் பூட்டினால் டயரும் டிஃபரென்ஷலும் கணக்கிலேயே வராது. சாஃப்ட் சுற்றைக் கியர் விகிதத்தால் பெருக்கி எஞ்சின் சுற்றிலிருந்து கழித்து, முன்போல எஞ்சின் சுற்றால் பிரித்தால் போதும். ஒவ்வொரு கியரிலும் பாருங்கள்: வேகம் ஏற ஏற ஸ்லிப் குறைய வேண்டும். ஒரு கியரில் மட்டும் திடீரென்று கூடி, ஒயிலும் கருகி மணத்தால், அது கொன்வேட்டர் அல்ல, அந்தக் கியரின் கிளட்ச் தகடு.