கபுகி பெண் வேஷம்: மெழுகில்தான் எல்லாம் இருக்கிறது

ஜப்பானின் மரபு நாடகமான கபுகியின் நடிகர்களைப் பற்றிய படங்களில் கண்ணாடி முன் உட்கார்ந்து வெள்ளை பூசும் காட்சி தவறாமல் வரும். கபுகியில் அரிதாரத்தை நடிகரே போட்டுக்கொள்வதுதான் வழக்கம். பெண் வேஷக்காரரான ‘ஒன்னகதா’வின் முகத்தை நீங்கள் போட்டுப் பார்ப்பதானால், வெள்ளையை எடுப்பதற்கு முன் மெழுகில் நேரம் செலவிடுங்கள்.

‘பின்ட்சுகே’ என்பது சுமோ மல்லர்கள் கொண்டை போடப் பூசும் அதே தலைமெழுகு வகை. சுண்டைக்காய் அளவு எடுத்து, கையில் இழுபடும்வரை உள்ளங்கைச் சூட்டில் தேயுங்கள். முகம், கழுத்து, பிடரி எங்கும் மெல்லிய படலமாகப் பரவ வேண்டும். அதிகமானால் விளக்குச் சூட்டில் வெள்ளை வழுக்கும். விட்டுப்போன இடத்தில் திட்டுத்திட்டாகும். புருவத்துக்கு இன்னும் கெட்டியான மெழுகு. முடியைத் தோலோடு படிய அழுத்துங்கள். ஒரு முடி நிமிர்ந்தாலும் வெள்ளையைத் துளைத்துக்கொண்டு நிற்கும்.

அடுத்து தலைமுடியை மூடும் ‘ஹபுதாஎ’ பட்டுத்துணி. நெற்றியில் அதன் விளிம்பை மெழுகிலேயே ஒட்டித் தேய்த்துவிடுங்கள். இங்கே சுருக்கம் விழுந்தால் டோப்பா வைத்த பிறகும் கோடாகத் தெரியும்.

‘ஒஷிரொய்’ வெள்ளையை மோரைவிடக் கெட்டியாக, தோசைமாவைவிட நீர்க்கக் கரையுங்கள். தட்டைத் தூரிகையால் பூசிய கையோடு ஈர ஸ்பஞ்சால் ஒற்ற வேண்டும். இழுத்தால் அடி மெழுகு பெயர்ந்து வரும். பிடரிக்கு இன்னொருவர் கை தேவை. (ஒரு காலத்தில் இந்த வெள்ளை ஈயத்தால் ஆனது. 1887இல் பேரரசர் முன் நடந்த நிகழ்ச்சியில், பின்னாளில் ‘உதாஎமோன்’ என்ற பரம்பரை மேடைப்பெயரை ஐந்தாமவராக ஏற்ற நடிகரின் கால் நடுங்கியது ஈய நஞ்சால்தான். இன்றைய வெள்ளையில் ஈயம் கிடையாது.)

கண்ணோரத்திலும் கன்னத்திலும் இளஞ்சிவப்பை ஒற்றிப் பவுடர் போடுங்கள். கடைக்கண்ணில் செஞ்சாந்துக் கோடு, ‘மெபாரி’. புருவத்துக்கு முதலில் சிவப்பு, மேலே கறுப்பு; வெறும் கறுப்பு ஒட்டவைத்த மாதிரி இருக்கும். சாமானிய வீட்டு மனைவி பாத்திரங்கள் பலவற்றில் புருவமே கிடையாது, பல்லும் கறுப்பு. உதட்டை இருப்பதைவிடச் சிறிதாக வரையுங்கள்.

கலைக்கும்போது தண்ணீரில் தொடங்காதீர்கள். முதலில் எண்ணெய், பிறகு சோப்பு.