அப்பாவைப் பற்றி எழுத உட்காரும் முன்: வீட்டு மனிதர்களை வர்ணிக்க ஒரு செய்முறை

முதன்முதலாக அப்பாவைப் பற்றி எழுதியபோது நாலு பக்கம் வந்தது. பாசமானவர், கண்டிப்பானவர், உழைப்பாளி, வெளியே கரடுமுரடு, உள்ளே குழந்தை மனசு. எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. அக்காவிடம் கொடுத்தேன். படித்து முடித்து, தாள்களை ஒழுங்காக அடுக்கித் திருப்பிக் கொடுத்தாள்.

"நல்லாத்தான்டா இருக்கு. யாரோட அப்பா இது?"

கோபம் வந்தது. ஒரு வாரம் கழித்து எடுத்துப் பார்த்தபோது அவள் கேட்டதில் தப்பில்லை என்று புரிந்தது. அந்த நாலு பக்கத்தையும் அப்படியே தூக்கி எந்த வீட்டு அப்பாவுக்கும் மாட்டிவிடலாம். எங்கள் வீட்டில் இருந்தவர்களுக்கு மட்டும் தெரிந்த சங்கதி அதில் ஒன்றுகூட இல்லை. பிறகு அதை எப்படித் திருத்தினேனோ அந்த வரிசையிலேயே கீழே சொல்கிறேன். ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: ஆளை விடுங்கள், ஐந்து நிமிடத்தைப் பிடியுங்கள்

"என் அம்மா" என்று தலைப்புப் போட்டால் முப்பது வருடம் வந்து முன்னால் நிற்கும். எங்கே தொடங்குவது? அதனால் ஒரு சின்ன நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். அம்மா தலை வாரிவிட்ட நேரம். தாத்தா கண்ணாடியைத் தேடிய நேரம். நான் எடுத்துக்கொண்டது, இரவு எல்லோரும் படுக்கப் போவதற்கு முந்தைய ஐந்து நிமிடம். பிறந்தநாள், கல்யாணம் மாதிரி பெரிய நாட்கள் இப்போதைக்கு வேண்டாம். அன்றைக்கு எல்லோருமே போட்டோவுக்கு நிற்பதுபோலத்தான் இருப்பார்கள்.

படி 2: பத்து நிமிடம் குறிப்பு மட்டும்

வாக்கியம் அமைக்காதீர்கள். கண்ணில் பட்டது, காதில் விழுந்தது, கையில் தட்டுப்பட்டது, மூக்குக்கு எட்டியது எல்லாவற்றையும் துண்டு துண்டாக எழுதுங்கள். வாசனையை மறந்துவிடாதீர்கள். மூளையில் நினைவும் உணர்ச்சியும் சேர்கிற பகுதிகளுக்கு வாசனை மற்றப் புலன்களைவிட நேரான வழியில் போய்ச் சேர்கிறது. ஈரக் குடையின் வாசனை ஒன்று போதும், மறந்தே போன ஒரு மாலை முழுசாகத் திரும்பி வந்துவிடும்.

என் குறிப்பு இப்படி இருந்தது: தாழ்ப்பாள். ஒரு தடவை இழுப்பு, ஒரு தடவை தள்ளல். குழாய் திருகும் சத்தம். செருப்பில்லாத கால். எங்கள் அறை வாசல். செருமல்.

படி 3: பண்பை எடுத்துவிட்டுச் செயலை வையுங்கள்

இங்கேதான் பாதி வேலை இருக்கிறது. பழைய தாளில் "அப்பா மிகவும் கண்டிப்பானவர்" என்று எழுதியிருந்தேன். அதை அடித்துவிட்டு எனக்கு நானே கேட்டுக்கொண்ட கேள்வி: கண்டிப்பு என்றால் என்ன செய்வார்? அடிப்பாரா? இல்லை. திட்டுவாரா? அதுவும் இல்லை. பிறகு ஏன் பயந்தோம்? பதில் குறிப்பிலேயே கிடந்தது.

"படுக்கப் போகும் முன் அப்பா தாழ்ப்பாளை ஒரு தடவை இழுத்துப் பார்ப்பார், ஒரு தடவை தள்ளிப் பார்ப்பார். குழாயைத் திருகி, கடைசிச் சொட்டு விழும்வரை நிற்பார். எங்கள் அறையில் விளக்கு எரிந்தால் ஒன்றும் சொல்லமாட்டார். வாசலில் நின்று ஒரு தடவை செருமுவார். விளக்கு அணையும்."

'கண்டிப்பு' என்ற சொல்லே இதில் இல்லை. அக்கா விளக்கை அணைத்தாளா, நான் அணைத்தேனா என்றுகூட எழுதவில்லை. "விளக்கு அணையும்" என்பதிலேயே எங்கள் பயம் வந்துவிட்டது.

உங்கள் தாளில் பாசமான, அழகான, அன்பான, கஷ்டமான என்று வரும் இடத்தையெல்லாம் வட்டமிடுங்கள். ஒவ்வொரு வட்டத்துக்கும் 'என்ன செய்தார்?' என்று கேளுங்கள். பதில் கிடைக்காத வட்டத்தை அப்படியே அடித்துவிடலாம்.

படி 4: 'பார்ப்பார்' எங்கே, 'பார்த்தார்' எங்கே

இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை, தட்டுத்தடுமாறித்தான் பிடிபட்டது. மேலே உள்ள பத்தியில் இழுத்துப் பார்ப்பார், நிற்பார், செருமுவார் என்று எல்லாமே எதிர்கால வினை. ஆனால் நடந்தது பழைய காலத்தில். வழக்கமாக நடப்பதைச் சொல்ல நாம் இந்த வடிவத்தைத்தான் எடுக்கிறோம். தினமும் இரவில் இப்படித்தான் என்று அந்த 'ஆர்' விகுதியோடு வரும் 'ப்ப்', 'வ்' சொல்லிவிடுகிறது. 'தினமும்', 'வழக்கமாக' என்று தனியாக எழுத வேண்டிய அவசியமே இல்லை.

முதலில் நாலைந்து வரி இப்படிப் போகட்டும். பிறகு ஒரே ஒரு நாளுக்குள் நுழைந்து இறந்தகாலத்துக்கு மாறுங்கள்:

"அப்பா வெளியூர் போன அன்று இரவு எங்கள் அறை விளக்கு ரொம்ப நேரம் எரிந்தது. யாரும் செருமவில்லை. அம்மா எழுந்து போனாள். தாழ்ப்பாளை ஒரு தடவை இழுத்தாள். ஒரு தடவை தள்ளினாள்."

ஓடிக்கொண்டிருந்த வினை சட்டென்று நின்றதும் படிப்பவரும் நிற்பார். இதைப் பயிற்சியாகவே செய்து பாருங்கள்: ஐந்து வரி வழக்கம், மூன்று வரி ஒரு நாள்.

படி 5: உணர்ச்சியை உடம்பில் தேடுங்கள்

நகை, அழுகை, இளிவரல் (இழிவு), மருட்கை (வியப்பு), அச்சம், பெருமிதம், வெகுளி (கோபம்), உவகை (மகிழ்ச்சி) என்று தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்கிறது. பெயரைக் கவனியுங்கள். மெய்யில், அதாவது உடம்பில், வெளிப்படுவதுதான் மெய்ப்பாடு. "அம்மாவுக்குக் கோபம் வந்தது" என்பதற்குப் பதில் இப்படி எழுதலாம்: "அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். தண்ணீரை நிறுத்தினாள். துணியை எடுத்து ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள். பிறகுதான் திரும்பினாள்."

கண்ணீர், கைநடுக்கம், பல்லைக் கடிப்பது எல்லாம் எல்லோரும் எழுதிப் பழசாகிவிட்டன. உங்கள் அம்மாவுக்குக் கோபம் வந்தால் எங்கே தெரியும்? கையிலா, நடையிலா, திடீரென்று வரும் மரியாதைப் பேச்சிலா?

படி 6: சத்தமும் உவமையும், உப்புப் போல

சத்தத்துக்கு நம்மிடம் இரட்டைக்கிளவி இருக்கிறது. தடதட, சலசல, முணுமுணு, நறநற. பிரித்தால் பொருள் போய்விடும், சேர்ந்திருந்தால் சத்தமே கேட்கும். பத்திக்கு ஒன்று போதும். மூன்று போட்டால் குழந்தைப் பாட்டு ஆகிவிடும்.

உவமையை வினை (செயல்), பயன், மெய் (வடிவம்), உரு (நிறம்) என்று நான்காகப் பிரிக்கிறது தொல்காப்பியம். புதிதாக எழுதுகிறவர்கள் பெரும்பாலும் வடிவத்திலும் நிறத்திலும் நின்றுவிடுகிறார்கள்: நிலா முகம், பஞ்சு முடி. வினைக்குப் போய்ப் பாருங்கள். "இருட்டில் சுவிட்சைத் தேடும் கைபோல, பாட்டியின் கால் ஒவ்வொரு படியாகத் தேடித்தான் இறங்கும்." முதுமை என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

உவமையாக வருவது உயர்ந்த பொருளாக இருக்க வேண்டும் என்றும் அந்த நூல் சொல்கிறது. வீட்டைப் பற்றி எழுதும்போது இதை மட்டும் நான் கேட்பதில்லை. அம்மாவைக் கடல் என்றால் கடல்தான் தெரிகிறது, அம்மா காணாமல் போய்விடுகிறாள். வீட்டுக்குள்ளேயே கிடைக்கும் சுவிட்ச், இழுப்பறை, தலையணை எனக்குப் போதும்.

படி 7: சத்தமாகப் படியுங்கள், பிறகு வீட்டில் ஒருவரிடம் கொடுங்கள்

நாக்கு தடுக்கும் இடத்தில் வெட்டுங்கள். கடைசி வரியில் "அப்பா என்றால் அப்பாதான்" என்பதுபோல ஏதாவது இருந்தால் யோசிக்காமல் வெட்டுங்கள். எழுதப்பட்டவர் உயிரோடு இருந்தால், வெளியிடும் முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்பது நல்லது. நோய், கடன், குடும்பச் சண்டை விஷயத்தில் கட்டாயம் கேளுங்கள்.

வீட்டு ஆளிடம் கொடுக்கும்போது "எப்படி இருக்கு?" என்று கேட்காதீர்கள். பேசாமல் கொடுத்துவிட்டு அவர்கள் முதலில் எதைச் சொல்கிறார்கள் என்று கவனியுங்கள். திருத்தி எழுதியதை நானும் அப்படித்தான் அக்காவிடம் கொடுத்தேன். ஒரு பக்கம்கூட இல்லை. படித்தவள் நிமிரவில்லை, விரலைத் தாளிலேயே வைத்துக்கொண்டு சண்டைக்கு வந்தாள்.

"ஒரு தடவைன்னு யாருடா சொன்னது? ரெண்டு தடவை இழுப்பாரு. ரெண்டாவது தடவைதான் அந்த 'கிர்ர்' சத்தம் வரும். அதக் கேட்டுட்டுதான நான் புத்தகத்த மூடுவேன்!"