திகில் பட டிரெய்லரின் ஷாட்டுகளை ஆராய்வது எப்படி?

ஒரு திகில் பட டிரெய்லரைப் பார்த்துவிட்டு, "காட்சிகள் இருட்டாக இருந்தன, இசை மிரட்டியது, அதனால் பயம் வந்தது" என்று எழுதிவிடுவது எளிது. அந்த வரி எந்தத் திகில் படத்துக்கும் பொருந்தும் என்பதால், அது எந்தப் படத்தைப் பற்றியும் எதையும் சொல்வதில்லை. ஒரு ஷாட் (கேமரா இடைவெட்டின்றி ஒரே தொடர்ச்சியாகக் காட்டும் காட்சி) நம்முள் ஏன் கலக்கத்தை உண்டாக்குகிறது என்று விளக்க விரும்புபவர், அதில் என்ன காட்டப்படுகிறது என்பதற்கு முன்பாக, அது நம்மை எவ்வளவு நேரம் காக்க வைக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். திகில் டிரெய்லரின் மனநிலை பெரும்பாலும் இந்தக் காத்திருப்பில்தான் பிறக்கிறது என்பதும், ஒளி, கோணம், நிறம், ஒலி ஆகியவை அந்தக் காத்திருப்பை நீட்டவோ முறிக்கவோ பயன்படும் கருவிகள் என்பதும் என் உறுதியான கருத்து.

பயிற்சியைத் தொடங்குவதற்கு ஸ்டான்லி குப்ரிக் இயக்கி 1980-இல் வெளிவந்த 'தி ஷைனிங்' படத்தின் முதல் டிரெய்லரைப் பரிந்துரைக்கிறேன். ஏறத்தாழ ஒன்றரை நிமிடம் ஓடும் அந்த டிரெய்லர், அசையாத கேமராவால் எடுக்கப்பட்ட ஒரே ஷாட்டைக் கொண்டது. கட் (ஒரு ஷாட்டிலிருந்து அடுத்ததற்குத் தாவும் வெட்டு) எதுவும் இல்லாததால், ஒரு ஷாட் தன்னளவில் என்ன செய்கிறது என்பதைப் படத்தொகுப்பின் குறுக்கீடின்றிக் கவனிக்க முடிகிறது.

டிரெய்லரைக் குறைந்தது மூன்று விதமாகப் பார்க்க வேண்டும். முதல் முறை எந்தக் குறிப்பும் எடுக்காமல் பார்த்து, எந்த இடத்தில் உடல் இறுகியது, எந்த இடத்தில் கண் திரையின் ஓரத்துக்குப் போனது என்பதை மட்டும் முடிந்தவுடன் எழுதிக்கொள்ளுங்கள். முதல் பார்வையின் பதற்றம் மறுபடி கிடைக்காது என்பதால் இந்தக் குறிப்பு மதிப்புமிக்கது. அடுத்த முறை ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள். பிறகு திரையைப் பார்க்காமல் கேட்க மட்டும் செய்யுங்கள். ஒலி இல்லாதபோதும் பதற்றம் குறையாத இடங்களில் காட்சியும், உடனே தளர்ந்துவிடும் இடங்களில் ஒலியும் பெரும்பங்கு வகிக்கின்றன என்று கொள்ளலாம். யூடியூபில் காட்சியை நிறுத்திவிட்டுக் கமா, முற்றுப்புள்ளி விசைகளை அழுத்தினால் ஒவ்வொரு ஃபிரேமாக, அதாவது காட்சியின் ஒவ்வொரு தனிப் படமாகப் பின்னும் முன்னும் நகர முடியும் என்பது இந்த வேலைக்கு மிகவும் உதவும்.

இப்போது 'தி ஷைனிங்' ஷாட்டுக்குள் செல்வோம். ஒரு விடுதியின் கூடத்தில் அருகருகே இரண்டு லிஃப்டுகள் இருக்கின்றன. அவற்றின் சிவப்புக் கதவுகள் மூடியிருக்கின்றன. கேமரா அவற்றை நேர் எதிரே நின்று பார்க்கிறது. சாய்ந்த கோணமோ, நடுங்கும் கேமராவோ, இருள் மண்டிய மூலையோ இல்லை. கூடம் வெளிச்சமாகவே இருக்கிறது. இருள்தான் அச்சத்தைத் தருகிறது என்ற எண்ணத்தோடு வருபவர் இங்கே சற்று நின்று யோசிக்க வேண்டும். இந்த ஃபிரேமில், அதாவது திரைக்குள் தெரியும் பரப்பில், மனிதர் எவரும் இல்லை; மனிதருக்கான இருக்கைகளும் கதவுகளும் மட்டுமே இருக்கின்றன. மூடிய கதவைத் தொடர்ந்து காட்டிக்கொண்டிருந்தால், அது திறக்கப்போகிறது என்ற எதிர்பார்ப்பு பார்ப்பவர் மனத்தில் தானாகவே உருவாகிவிடும். அந்த எதிர்பார்ப்பை உண்டாக்கிய பிறகும் கேமரா நகர மறுக்கிறது, அருகே சென்று காட்டவும் மறுக்கிறது.

இதற்கிடையே படத்தின் பெயரும் கலைஞர்களின் பெயர்களும் திரையின் கீழிருந்து மேலாக மெதுவாக ஏறிச் செல்கின்றன. இந்த எழுத்துகளைத் தகவல் என்று ஒதுக்கிவிடுவது ஆராய்பவர்கள் பலரும் செய்யும் பிழை. கண் எழுத்துகளைத் தொடரும்போது பின்னால் உள்ள கதவுகளை முழுமையாகக் கண்காணிக்க முடிவதில்லை. கவனம் இரண்டாகப் பிரிகிறது, கூடவே நேரமும் கடத்தப்படுகிறது. எழுத்துகள் கடந்து போன பிறகுதான் கதவோரத்திலிருந்து இரத்தம் பீறிடுகிறது. அது ஸ்லோ மோஷனில் சுவர்களில் மோதி, அறைகலன்களை அடித்துக்கொண்டு நம்மை நோக்கி வருகிறது. இறுதியில் லென்ஸையே மூடிவிடுகிறது. அதுவரை பாதுகாப்பான தொலைவில் இருந்து வேடிக்கை பார்ப்பதாக நினைத்த நமக்கு, நாம் நின்ற இடமும் அந்தக் கூடத்துக்குள்தான் இருந்தது என்று அந்தக் கணத்தில் தெரியவருகிறது. கேமரா ஒரு முறையாவது பின்வாங்கியிருந்தால் இந்த விளைவு கிடைத்திருக்காது. வெண்டி கார்லோஸ், ரேச்சல் எல்கைண்ட் ஆகியோரின் இசையும், காட்சியில் எதுவும் நிகழாத நேரத்திலேயே ஏதோ நெருங்குவதை உணர்த்தத் தொடங்கிவிடுகிறது. காதுக்கு முதலில் தெரிந்துவிட்ட ஒன்று கண்ணுக்குத் தாமதமாகத் தெரியும் அந்த இடைவெளியை நொடிக் கணக்கில் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்டெடிகேமின் (நடந்துகொண்டே எடுத்தாலும் காட்சி குலுங்காமல் காக்கும் கேமரா தாங்கி) நகர்வுகளுக்காகப் பெரிதும் பேசப்படும் ஒரு படம், தன் முதல் டிரெய்லரில் சிறிதும் நகராத கேமராவைத் தேர்ந்தெடுத்திருப்பது எனக்கு இன்றும் வியப்பைத் தருகிறது.

பல ஷாட்டுகள் கொண்ட டிரெய்லருக்கு வரும்போது வேலை கூடுகிறது. ரிட்லி ஸ்காட்டின் 'ஏலியன்' படத்துக்கு 1979-இல் வெளியான, உரையாடலே இல்லாத டிரெய்லர் இதற்கு ஏற்றது. ஒரு தாளில் ஷாட் தொடங்கும் நேரம், நீடிக்கும் நொடிகள், குளோசப்பா (மிக அருகில்) வைடா (தள்ளி நின்று அகலமாக) என்ற அளவு, கேமராவின் அசைவு, ஒளி வரும் திசை, உடன் கேட்கும் ஒலி ஆகியவற்றை ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஒரு வரியாக எழுதுங்கள். தொடக்கத்தில் தலைப்பின் எழுத்துகள் துண்டு துண்டான கோடுகளாகத் தோன்றி மெல்ல முழுமை பெறுவதையும், ஒரு முட்டை நிதானமாகக் காட்டப்பட்டு விரிசல் விட்டு ஒளி கசிவதையும், அதன் பிறகு ஓடும் மனிதர்களும் குறுகிய வழிகளும் வேகமான கட்களில் சிதறுவதையும் அந்தத் தாளின் நொடிக் கணக்கே காட்டிக்கொடுக்கும். ஷாட்டின் நீளம் திடீரெனக் குறையும் வரியின் அருகே ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள்; காத்திருப்பு பீதியாக மாறும் இடம் பெரும்பாலும் அதுவே. ஓடுபவர்களின் முகம் தெரிகிறது, அவர்கள் எதைக் கண்டு ஓடுகிறார்கள் என்பது தெரிவதில்லை. ஆகவே, ஒவ்வொரு வரியிலும் ஃபிரேமுக்கு வெளியே என்ன மறைக்கப்படுகிறது என்பதற்கும் ஓர் இடம் ஒதுக்குவது அவசியம்.

படத்தை ஏற்கெனவே பார்த்தவர்கள், கதையிலிருந்து தெரிந்ததை டிரெய்லரின் மேல் ஏற்றாமல் இருக்கப் பழக வேண்டும். டிரெய்லர் தனிப் படைப்பு. படத்தில் இல்லாத ஷாட்டும் அதில் இருக்கலாம். 1960-இல் வந்த 'சைக்கோ' டிரெய்லரில் அதன் இயக்குநர் ஹிட்ச்காக் தாமே படப்பிடிப்புத் தளத்தைச் சுற்றிக் காட்டிவிட்டு, கடைசியில் குளியலறைத் திரையை விலக்கும்போது அலறுபவர், படத்தில் அந்தக் காட்சியில் நடித்த ஜேனட் லீ அல்ல, வேரா மைல்ஸ்.

குறிப்புகளைக் கட்டுரையாக்கும்போது, ஒவ்வொரு கூற்றிலும் கண்ணால் காணக்கூடிய ஒரு விவரம், அது நீடிக்கும் நேரம், அதனால் பார்ப்பவருக்கு என்ன தெரிகிறது அல்லது தெரியாமல் போகிறது என்ற மூன்றும் இருக்கின்றனவா என்று சரிபாருங்கள். "லிஃப்ட் காட்சி அச்சமூட்டுகிறது" என்பதற்குப் பதிலாக, "மூடிய கதவுகளை அசையாத வைட் ஷாட்டில், பெயர்கள் அனைத்தும் ஏறி முடியும்வரை காட்டுவதால், கதவுக்குப் பின்னால் இருப்பதைப் பார்ப்பவரே கற்பனை செய்யத் தொடங்குகிறார்" என்று எழுதலாம். இந்த வாக்கியத்தை வேறொரு படத்தின் கட்டுரைக்குள் வைத்தால் பொருந்தாது. உங்கள் வாக்கியங்கள் ஒவ்வொன்றையும் இதே விதமாக இடம் மாற்றி வைத்துப் பார்த்து, எங்கும் பொருந்திவிடுபவற்றை நீக்கிவிடுங்கள்.